ஏழாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை

இருந்தவர்களும், இருந்த இடமும்:

வெண்டல் ராட்லிஃப், வயது ஐம்பத்து நான்கு. உடம்பு முடியாமல் வேலையை விட்டவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்காக வாதாடும் வக்கீல். அலுவலகம் முன்பு செருப்புக் கடையாக இருந்தது. பழைய கல்லா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஒலீட்டா கிரேஸ், வயது அறுபத்து மூன்று. பத்தொன்பது வருடமாக அவருடைய எழுத்தர். கேள்விச் சீட்டுக்கட்டோடு வாசலை ஒட்டிய மேசையில்.

கேலன் ஸ்டம்போ, வயது எழுபத்தொன்று. ஓய்வு பெற்ற தொழில் சாட்சி. அதாவது, இந்த மனுதாரரால் இன்ன வேலை செய்ய முடியும், நாட்டில் அந்த வேலை இத்தனை இருக்கிறது என்று விசாரணையில் நீதிபதிக்குச் சொல்பவர். இருபத்திரண்டு வருடம் சொன்னார். செருப்பு போட்டுப் பார்க்கும் தாழ்ந்த முக்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி.

ஊர் லாரல் ஃபோர்க், கென்டக்கி மலைப்பக்கம். செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி.

ஒலீட்டா: ...தப்பு.

வெண்டல்: நான் இன்னும் முடிக்கவே இல்ல.

ஒலீட்டா: பாதியே தப்பு, மீதியை வேற கேக்கணுமா? மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள்னு கேட்டா அறுபதுன்னு ஆரம்பிக்கிறீங்க. அறுபது, அதுக்கு மேல தபால் வந்து சேர அஞ்சு. தினமும் ஃபோன்ல நீங்களே கத்துறதுதான்.

வெண்டல்: கத்தும்போது வருது அக்கா. பரீட்சைன்னு நினைச்சா போயிடுது.

கேலன்: சனிக்கிழமை நிபுணர் பரீட்சை ஹால்ல கத்த விடமாட்டாங்க தம்பி.

ஒலீட்டா: ஆறு மணி நேரம் வாயை மூடிட்டு எழுதணும். அதுக்குத்தான் நிஜமா பயிற்சி வேணும் இவருக்கு. அடுத்த சீட்டு. வயசு.

வெண்டல்: அம்பதுக்குக் கீழன்னா இளையவர். அம்பதுலேர்ந்து முதுமையை நெருங்குறவர். அம்பத்தஞ்சு ஆயிட்டா முதியவர். புது வேலை கத்துக்கறது கஷ்டம்னு சட்டமே ஒத்துக்கும்.

கேலன்: அம்பத்தஞ்சாவது பொறந்தநாள் காலையில கேக்கை வெட்டின உடனே இடுப்புவலி நிஜமாயிடும். முந்தின நாள் வரைக்கும் நடிப்பு.

ஒலீட்டா: அந்த நடிகர்களுக்கெல்லாம் வேலை தேடிக் குடுத்த புண்ணியவானே நீங்கதானே ஐயா.

கேலன்: என்னத்தைப் பண்றது... கேட்டாங்க, சொன்னேன்.

வெண்டல்: எனக்கு அம்பத்து நாலு. புதுசா எதையும் கத்துக்க முடியும்னு சட்டப்படி அர்த்தம்.

ஒலீட்டா: சட்டம் உங்களை நேர்ல பாத்ததில்ல. அடுத்தது... இது சீட்டுல இல்ல, நானா கேக்குறேன். விசாரணைக்குப் போற மனுதாரருக்கு முதல்ல என்ன சொல்லிக் குடுக்கணும்?

வெண்டல்: நீதிபதி எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லக்கூடாது.

ஒலீட்டா: அப்பாடி. ஒண்ணு சரி.

வெண்டல்: சொல்லிக் குடுத்தாலும் சொல்லிட்டுத்தான் வருவாங்க. நடக்க முடியாம ரெண்டு பேர் தாங்கிட்டு வருவாங்க. ‘எப்படி இருக்கீங்க?’ ‘நல்லாத்தான் இருக்கேன்யா, குறை ஒண்ணும் இல்ல.’ முடிஞ்சுது வழக்கு.

ஒலீட்டா: இந்த மலையில பொறந்தவன் சவப்பெட்டிக்குள்ள இருந்துகூட அதைத்தான் சொல்லுவான்.

கேலன்: ...வெயில் ஏறுதோ?

ஒலீட்டா: பேச்சை மாத்தாதீங்க. வெயில் இருக்கட்டும், கடுதாசி எங்க?

கேலன்: எந்தக் கடுதாசி?

ஒலீட்டா: உங்க சட்டைப் பையில நாலு வாரமா குடியிருக்கே, அது.

வெண்டல்: விடுங்க அக்கா...

ஒலீட்டா: விட்டுடுறேன். விட்டா என்ன ஆகும்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடுறேன். நிபுணர் வாரியம் இவரைப் பத்தி அஞ்சு பேர்கிட்ட நற்சான்று கேட்டுச்சு. நாலு போயாச்சு. அஞ்சாவது நீங்க. உறையில இன்னைக்குத் தேதி தபால் முத்திரை விழலைன்னா சனிக்கிழமை இவரை உள்ளயே விடமாட்டாங்க.

கேலன்: அடுத்த வருஷம் எழுதட்டுமே.

ஒலீட்டா: அடுத்த வருஷம் இந்த இடத்துல மறுபடி செருப்பு விப்பாங்க. நெடுஞ்சாலையில கழுகுப் படம் போட்ட பலகை பாத்தீங்கல்ல?

கேலன்: அந்தப் பட்டணத்து வக்கீலுங்களோடதா? பெரிய கழுகு.

ஒலீட்டா: அதான். போன வருஷம் இந்த முக்காலியில அறுபது மனுதாரர் வந்து உக்காந்தாங்க. இந்த வருஷம் பதினேழு. பதினெட்டாவதா நீங்க, அதுவும் ஓசிக் காபிக்கு. ஜன்னல்ல சான்று பெற்ற நிபுணர்னு ஒரு வரி எழுதினாத்தான் ஜனங்க கழுகைத் தாண்டி உள்ள வருவாங்க. இல்லைன்னா கிறிஸ்துமஸுக்குள்ள பூட்டிட வேண்டியதுதான்.

வெண்டல்: கழுகுக்கு என்னைவிட மூக்கு எடுப்பா இருக்கு. என்ன பண்றது.

கேலன்: நான் எழுதலைன்னு யாரு சொன்னா? ஒம்பது கேள்வி. எட்டுக்கு எழுதிட்டேன். நேரத்துக்கு வருவாரா? வருவார். நாணயமானவரா? ஆமா. சட்டம் தெரிஞ்சவரா? ஆமா.

ஒலீட்டா: அது காலையிலயே எழுதியிருப்பீங்க. இந்தச் சீட்டெல்லாம் கேக்கறதுக்கு முன்னாடி.

கேலன்: ஏழாவதுதான் நிக்குது.

வெண்டல்: என்ன கேள்வி அண்ணே?

கேலன்: ‘உங்கள் சொந்தக் குடும்பத்தில் ஒருவரை இந்த வக்கீலிடம் அனுப்புவீர்களா?’

ஒலீட்டா: ஆமான்னு ஒரு டிக். பேனா வேணுமா? மூணு கலர் வச்சிருக்கேன்.

கேலன்: சும்மா போட மாட்டேன். கீழ கையெழுத்து போடுறேன்ல.

ஒலீட்டா: அடேயப்பா. இருபத்திரண்டு வருஷம் வலது கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினப்ப வராத கூச்சம் இப்ப வருது பாருங்க.

வெண்டல்: அக்கா!

ஒலீட்டா: நான் போய் தபால் பெட்டியைப் பாத்துட்டு வர்றேன்.

வெண்டல்: தபால்காரி மூணு மணிக்குத்தான் வருவா.

ஒலீட்டா: பெட்டி இருக்கான்னு பாக்கணும்ல.

வெண்டல்: ...அவங்க பேச்சை மனசுல வச்சுக்காதீங்க அண்ணே.

கேலன்: பதினோரு வருஷமா என்னைப் பாத்தா அப்படித்தான் பேசுறா. பழகிடுச்சு. தம்பி... வெளிய அந்த மேப்பிள் மரத்தடியில நிழல் இன்னும் இருக்கா? உங்க ஜன்னல்லேர்ந்து சரியா தெரியல.

வெண்டல்: இருக்கும். ஏன், வண்டிச் சாயம் வெளுத்துடுமா?

கேலன்: சும்மா கேட்டேன்.

ஒலீட்டா: பெட்டி பத்திரமா இருக்கு. உங்க வண்டியும் நிழல்லதான் நிக்குது ஐயா. கவலைப்படாதீங்க.

கேலன்: நான் எங்க கவலைப்பட்டேன்?

வெண்டல்: அக்கா, அந்த ஆப்பிள் கேக்கை எங்க எடுத்துட்டுப் போறீங்க?

ஒலீட்டா: பூனைக்கு.

வெண்டல்: நமக்கேது பூனை?

ஒலீட்டா: இன்னைக்குத்தான் வந்துச்சு.

வெண்டல்: காபி?

ஒலீட்டா: அதுவும் பூனைக்குத்தான். பால் ஊத்தினா குடிக்கும். நீங்க படிங்க, வந்துடுறேன்.

கேலன்: ...விசித்திரமான பொம்பளை.

வெண்டல்: பரீட்சை நெருங்க நெருங்க எனக்கு மறதி, அவங்களுக்குப் பூனை.

கேலன்: சரி, சீட்டை விடு. தொழில் சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றது பத்திப் பெரிய கேள்வி ஒண்ணு வரும்னு சொன்னியே. நான் சாட்சி. கேளு.

வெண்டல்: இப்பவா?

கேலன்: இந்த முக்காலியைவிடத் தாழ்வான சாட்சிக்கூண்டு உனக்குக் கிடைக்காது. இதோ அவளும் வந்துட்டா. ஒலீட்டாம்மா, நீதான் நீதிபதி.

ஒலீட்டா: சம்பளம் அதே எழுத்தர் சம்பளந்தானா? சரி. மனுதாரர் யாரு?

கேலன்: வயசு நாப்பத்தெட்டு. மரம் அறுக்குற மில்லுல இருபத்தாறு வருஷம். இடது கையில ரெண்டு விரல் இல்ல. முதுகு போச்சு. இருபது நிமிஷத்துக்கு மேல உக்காரவும் முடியாது, நிக்கவும் முடியாது.

வெண்டல்: இது நம்ம பழைய எர்வின் ஸ்லோன் வழக்கு.

கேலன்: நான் பேர் சொல்லல.

ஒலீட்டா: விரலை எண்ணினாலே தெரியுது. சாட்சி மேல சொல்லலாம்.

கேலன்: இந்த ஆளால மில்லு வேலை முடியாது. ஆனா பாதாம் பருப்பு பொறுக்குற வேலை முடியும். உக்காந்த இடத்துல நல்லது இந்தப் பக்கம், சொத்தை அந்தப் பக்கம். நாட்டுல அந்த வேலை ஆயிரத்துத் தொள்ளாயிரம் இருக்கு.

ஒலீட்டா: வக்கீலய்யா, கேள்வி உண்டா?

வெண்டல்: உண்டு. பாதாம் பொறுக்குற வேலையைக் கடைசியா எப்ப நேர்ல பாத்தீங்க?

கேலன்: பாத்ததில்ல.

வெண்டல்: பொறுக்குற ஆள் யாரையாவது?

கேலன்: சந்திச்சதில்ல.

வெண்டல்: இந்த மலையில பாதாம் மரம் எத்தனை?

கேலன்: ஒண்ணும் இல்ல. நாடு முழுக்கன்னு கணக்கு.

வெண்டல்: இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எந்திரிச்சுப் போற ஆளை எந்த மேஸ்திரி வச்சுக்குவான்?

கேலன்: வச்சுக்க மாட்டான்.

வெண்டல்: ஆயிரத்துத் தொள்ளாயிரம்ங்கிற எண் எங்கேர்ந்து வந்துச்சு?

கேலன்: அரசாங்கத் தொழில் அகராதி.

வெண்டல்: அந்த அகராதியில வேலையோட விவரம்தான் இருக்கு. எண்ணிக்கையே கிடையாது. மறுபடி கேக்குறேன். எங்கேர்ந்து வந்துச்சு?

கேலன்: காபி ஆறிடுச்சு.

ஒலீட்டா: சாட்சி பதில் சொல்லணும்.

கேலன்: ஆயிரம்னா கம்மியா தெரியும். ரெண்டாயிரம்னா முழு எண், சந்தேகம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரம்னா... யாரோ உக்காந்து எண்ணின மாதிரி இருக்கும்.

ஒலீட்டா: ...நிஜமாவா?

கேலன்: நிஜமாத்தான். கார்ல போகும்போது யோசிச்சேன்.

ஒலீட்டா: பாவி மனுஷா.

கேலன்: யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன். முதல் வருஷம் பயந்துட்டே இருந்தேன். ஒருத்தரும் கேக்கல. அப்புறம் பயம் போயிடுச்சு. இப்ப நீ கேட்ட இந்தக் கேள்வி... இது அன்னைக்கு எங்க போச்சு தம்பி? எர்வின் உன் பக்கத்துல உக்காந்திருந்தான். நீதிபதி கேள்வி உண்டான்னு கேட்டார். நீ என்ன சொன்ன?

வெண்டல்: கேள்வி எதுவும் இல்லைன்னேன்.

கேலன்: ஏன்?

ஒலீட்டா: நானும் பதினோரு வருஷமா கேக்குறேன். தலைவலின்னு சொல்வாரு.

வெண்டல்: தலைவலி இல்ல.

ஒலீட்டா: அது எனக்கும் தெரியும்.

வெண்டல்: ஹோல்புரூக் நீதிபதி கண்ணாடியைக் கழட்டினார். கண்ணாடிக்கூட்டுல வச்சு டப்புனு மூடினார்.

கேலன்: அதனால?

வெண்டல்: என்ன அண்ணே தெரியாத மாதிரி. அந்த விசாரணை அறையில வாதாடின எல்லா வக்கீலுக்கும் தெரியும். அவர் கண்ணாடிக்கூட்டை மூடிட்டார்னா தீர்ப்பு நம்ம பக்கம். அதுக்கு மேல பேசினா கெட்டுப்போயிடும். பதினாலு தடவை அந்தச் சத்தம் கேட்டிருக்கேன். பதினாலும் ஜெயிச்சேன்.

ஒலீட்டா: இதைத்தான் இவ்வளவு நாள் தலைவலின்னு சொன்னீங்களா?

வெண்டல்: பின்ன, ஒரு கண்ணாடிக்கூட்டை நம்பி வாயை மூடிட்டேன்னு சொல்லவா? வெளிய வந்து எர்வின் தோள்ல தட்டினேன். ஜெயிச்சாச்சுப்பான்னேன். வர்ற வழியில மீன் சாண்ட்விச் வாங்கிக் குடுத்தேன். ஆறு வாரம் கழிச்சுத் தீர்ப்பு வந்துச்சு. நிராகரிப்பு. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரம் வேலைகள் உள்ளன. மனுதாரர் தரப்பில் மறுப்பு ஏதும் இல்லை.’

கேலன்: ...அன்னைக்கு அவருக்குக் கண்ணு வலி.

வெண்டல்: யாருக்கு?

கேலன்: ஹோல்புரூக்குக்கு. காலையில என்கிட்ட சொட்டு மருந்து இருக்கான்னு கேட்டார். இருந்துச்சு, குடுத்தேன். மருந்து ஊத்தினா கண்ணாடி போட முடியல. கழட்டிக் கூட்டுல வச்சுட்டார். அவ்வளவுதான்.

வெண்டல்: ...அவ்வளவுதானா?

கேலன்: அவ்வளவுதான்.

ஒலீட்டா: ஆக, சாட்சி குடுத்தது ரெண்டு. ஒண்ணு சொட்டு மருந்து, இன்னொண்ணு பொய். ரெண்டுக்கும் சேத்து எர்வின் தங்கச்சி வீட்டுக் கார் ஷெட்டுல மூணு குளிர்காலம் படுத்தான்.

வெண்டல்: புது மனு போட்டு மூணு வருஷத்துல வாங்கிக் குடுத்தேன்...

ஒலீட்டா: குடுத்தீங்க. இல்லைன்னு யாரு சொன்னா? அந்த மூணு வருஷமும் அவனைக் கேட்டா என்ன சொல்வான்? நல்லாத்தான் இருக்கேன்.

கேலன்: நீ தூங்கிட்டேன்னு நினைச்சேன் தம்பி. கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறான், இவன்கிட்ட யாரும் வரக்கூடாதுன்னு. அதான் ஏழாவது கேள்வி நாலு வாரமா நிக்குது.

வெண்டல்: தூங்கியிருந்தாகூடப் பரவால்ல. முழிச்சிருந்தேன்.

கேலன்: இப்ப ஒரு நீதிபதி கூட்டை மூடினா?

வெண்டல்: அந்தச் சத்தம் அடங்கறதுக்குள்ள கேள்வி கேப்பேன்.

ஒலீட்டா: அது நிஜம். எர்வினுக்கு அப்புறம் முன்னூறு விசாரணைக்கு மேல போயிட்டாரு. ஒண்ணுல கூட கேள்வி இல்லைன்னு சொன்னதில்ல. போன மாசம் நீதிபதி ‘உங்க கட்சிக்காரருக்குக் குடுத்துட்டேன்யா, வீட்டுக்குப் போங்க’ன்னு சொன்னப்புறமும் நாலு கேள்வி கேட்டுத் திட்டு வாங்கிட்டு வந்தாரு. ஏன் இப்படி ஆனாருன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.

வெண்டல்: அஞ்சு கேள்வி.

ஒலீட்டா: பெருமையைப் பாரு.

கேலன்: ...பேனா குடும்மா.

ஒலீட்டா: எந்தக் கலர்?

கேலன்: சீக்கிரம் வத்தாத கலரா குடு. ஒரு வரி எழுதணும்.

வெண்டல்: அண்ணே, என் மேல பரிதாபப்பட்டு எழுத வேண்டாம்.

கேலன்: உன் மேல பரிதாபப்பட எனக்கு நேரமில்ல. பேசாம இரு.

ஒலீட்டா: அட்டை இந்தாங்க, மேல வச்சு எழுதுங்க.

வெண்டல்: அந்த அட்டையை எடுத்துட்டுத்தானே வெளிய போனீங்க? பூனைக்கு எழுதுற அட்டை எதுக்கு?

ஒலீட்டா: பூனை கடிச்சா தடுக்க. சனிக்கிழமை இவ்வளவு கூர்மையா இருந்தீங்கன்னா போதும்.

கேலன்: இந்தா. எழுதியாச்சு.

ஒலீட்டா: ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை... ஐயா, இங்க ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம் இருக்கு. ரெண்டையும் விட்டுட்டுக் கீழ என்னமோ கிறுக்கியிருக்கீங்க.

கேலன்: படி.

ஒலீட்டா: ‘அனுப்புவீர்களா என்ற கேள்விக்கு இடமில்லை. கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.’

வெண்டல்: யாரை?

கேலன்: டார்லாவை. என் பொண்ணு. வண்டியில உக்காந்திருக்கா.

வெண்டல்: வெளியவா? இவ்வளவு நேரமாவா?

கேலன்: ஒரு கடுதாசி குடுத்துட்டு வந்துடுறேன்னு சொல்லிட்டு வந்தேன். உன்கிட்ட விடலாமான்னு முதல்ல பாக்கணும்ல. பள்ளிக்கூடச் சமையலறையில பதினாறு வருஷம் வேலை பாத்தா தம்பி. நாப்பத்தோரு வயசு. மூட்டெல்லாம் வீங்கி விரல் மடங்க மாட்டேங்குது. ஜாடி மூடியைத் தொறக்க முடியல. பொத்தான் நான் போட்டு விடுறேன். ரெண்டு தடவை மனு போட்டா, ரெண்டு தடவையும் இல்லைன்னுட்டாங்க. ரெண்டாவது மறுப்புக் கடுதாசியில என்ன வேலை எழுதியிருக்காங்க தெரியுமா, அவளால முடியும்னு?

வெண்டல்: ...சொல்லாதீங்க.

கேலன்: பாதாம் பொறுக்குறது. அப்பா, இது உனக்குத் தெரிஞ்ச வேலைதானே, எங்க இருக்குன்னு கேட்டா. அன்னையிலேர்ந்து அவ மூஞ்சியைப் பாக்க முடியல.

வெண்டல்: எத்தனாம் நாள்? மறுப்பு வந்து எத்தனை நாள் ஆச்சு?

கேலன்: அதுதான்... எண்ணல. நாப்பது இருக்கும், அம்பது இருக்கும்...

ஒலீட்டா: அம்பத்தெட்டு. தபால்காரி ஹார்ன் அடிக்கிறா, கேக்குதா? வந்துட்டா. வாரியத்து உறை ஒட்டியாச்சு. வழி விடுங்க, ரெண்டு உறையையும் குடுத்துட்டு வந்துடுறேன்.

வெண்டல்: ரெண்டா? இன்னொண்ணு என்ன?

ஒலீட்டா: டார்லாவோட மேல்முறையீடு, விசாரணை கேட்டு மனு. பூனை கேக்கைத் தின்னுட்டு, காபியைக் குடிச்சிட்டு, கஷ்டப்பட்டுக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துடுச்சு. எப்படிம்மா இருக்கேன்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்கேன்னா. அதை மட்டும் நான் எழுதல.